லே தான் தோங் மன்னரின் சட்டமும் ஆட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்தாம் நூற்றாண்டு வியட்நாமைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் என்னிடம் வரும் ஐயங்கள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஓரிடத்தில் எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியதால் இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்களின் சொற்களிலேயே விட்டிருக்கிறேன். பதில்களில் வரும் பிரிவு எண்கள், இன்று ஆய்வாளர்கள் பயன்படுத்தும் 722 பிரிவுகள் கொண்ட வரிசைப்படி அமைந்தவை.

யார் இந்த லே தான் தோங்? பெயரையே கேள்விப்பட்டதில்லையே.

வியட்நாம் அன்று டாய் வியட் என்று அழைக்கப்பட்டது. சீனத்தின் மிங் படைகளை விரட்டி 1428-இல் லே லோய் நிறுவிய அரசமரபின் பேரரசர்களுள் ஒருவர் லே தான் தோங். லே லோயின் பேரன். 1442-இல் பிறந்த அவர் 1460-இல், பதினெட்டு வயதில், அரியணை ஏறி 1497-இல் இறக்கும்வரை ஆண்டார். அரண்மனைக் கொலை ஒன்றும் அதைத் தொடர்ந்த எதிர்ப்புரட்சி ஒன்றுமே அவரை அரியணைக்குக் கொண்டுவந்தன. அண்ணன் முறையிலான நி ஸான், ஆட்சியிலிருந்த இளைய மன்னரை 1459-இல் கொன்று முடிசூடிக்கொண்டார். எட்டு மாதங்களுக்குள் அமைச்சர்கள் அவரை வீழ்த்தி, ஒதுங்கியே வளர்ந்த இந்த இளவரசரை அழைத்துவந்தார்கள்.

அவருடைய ஆட்சியின் பிற்பகுதிக்கு, அதாவது 1470 முதல் 1497 வரையிலான காலத்துக்கு, ஹோங் டுக் என்று ஆட்சிப்பெயர். அவரோடு சேர்த்துப் பேசப்படும் சட்டத்தொகுப்பும் அந்தப் பெயரால்தான் வழங்குகிறது.

கைதிகளுக்குப் போர்வை கொடுத்த மன்னர் இவர்தானே?

இல்லை. அவர் லீ தான் தோங். நானூறு ஆண்டுகள் முந்தியவர், வேறோர் அரசமரபினர். தமிழில் எழுதும்போது ஓரெழுத்துதான் மாறுகிறது என்பதால் இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்கிறது. லீ தான் தோங் 1054 முதல் 1072 வரை ஆண்டார். 1055-ஆம் ஆண்டின் கடுங்குளிரில், அரண்மனைக்குள் கணப்புக்கு அருகில் தடித்த உடையோடு இருக்கும் தமக்கே இப்படிக் குளிர்கிறதென்றால், குற்றம் உண்டா இல்லையா என்றே இன்னும் தெளியாத நிலையில் சிறையில் கிடப்பவர்களின் பாடு என்ன என்று கேட்டு, அவர்களுக்குப் பாயும் போர்வையும் நாளுக்கு இரு வேளை உணவும் தர ஆணையிட்டதாக வியட்நாமிய வரலாற்று ஏடுகள் கூறுகின்றன. 1064-இல் வழக்கு கேட்கும் மண்டபத்தில் அருகில் நின்ற தம் மகளைக் காட்டி, இவளை நேசிப்பதைப் போலவே மக்களையும் நேசிக்கிறேன், அறியாமையால் அவர்கள் குற்றத்தில் விழுகிறார்கள், எனவே இனித் தண்டனைகளைத் தளர்த்துங்கள் என்று சொன்னதாகவும் அதே ஏடுகளில் இருக்கிறது.

இரண்டு தான் தோங்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு இந்தப் பக்கத்துக்கு முக்கியமானது. முன்னவரின் இரக்கம் அவர் மனத்தில் எழுந்து ஆணையாக வெளிவந்தது. பின்னவரின் காலத்தில் அந்த இரக்கம் பிரிவு எண் இடப்பட்டு, அதை மீறும் அதிகாரிக்கு இத்தனை அடி என்று எழுதப்பட்டுவிட்டது. மன்னருக்கு அன்று குளிர்கிறதா இல்லையா என்பதை நம்பி எந்தக் கைதியும் இருக்க வேண்டியதில்லை.

சட்டத்தை அவரே எழுதினாரா?

ஒரே கையால் ஒரே ஆண்டில் எழுதப்பட்டது என்று சொல்ல முடியாது. லே லோயின் காலத்திலேயே தொகுப்பு தொடங்கிவிட்டது என்றும், இடையில் வந்த மன்னர்கள் சேர்த்ததோடு தம் ஆணைகளையும் இணைத்து ஒழுங்குபடுத்தியவர் லே தான் தோங் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. நமக்குக் கிடைத்துள்ள பிரதியோ பிற்காலத்தைச் சேர்ந்தது. ஆகவே, ஒரு குறிப்பிட்ட பிரிவை எடுத்துக்கொண்டு இது அவருடைய சொந்தச் சிந்தனை என்று சத்தியம் செய்வது ஆபத்து. அவருடைய ஆட்சியில் நிலைபெற்று, அவருடைய பெயரால் மூன்று நூற்றாண்டுகள் வழங்கிய சட்டம் என்று சொல்வதே பாதுகாப்பானது.

சீனச் சட்டத்தின் நகல்தானே இது?

எலும்புக்கூடு சீனத்திலிருந்து வந்ததுதான். தாங் அரசமரபின் சட்டத்திலிருந்து ஐவகைத் தண்டனை, பத்துப் பெருங்குற்றங்கள் முதலிய அமைப்பு முழுவதும் எடுக்கப்பட்டது. மிங் சட்டத்தின் சாயலும் உண்டு. ஆனால் 722 பிரிவுகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குச் சீனச் சட்டங்களில் இணையான பிரிவே இல்லை என்று ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நிலம், வாரிசுரிமை, திருமணம், காயத்துக்கு இழப்பீடு ஆகிய பகுதிகளில்தான் வியட்நாமிய வழக்கம் மிகுதியாக நுழைந்திருக்கிறது.

எடுத்துக்கொண்டவற்றிலும் சிறு சிறு மாற்றங்கள் உண்டு. கனத்த தடியால் அடிக்கும் தண்டனையை ஆண்களுக்கு மட்டும் என்று முதற்பிரிவே வரையறுத்து, பெண்களுக்கு மெல்லிய பிரம்பை வைத்தது ஓர் எடுத்துக்காட்டு.

‘மனிதநேயம்’ என்ற சொல்லைப் பழைய அரசருக்குப் பொருத்துவது இன்றைய கருத்தை அன்றைக்குத் திணிப்பதாகாதா?

தனிமனித உரிமை என்ற இன்றைய பொருளில் பொருத்தினால் திணிப்புதான். அரசை எதிர்த்துக் குடிமகன் கையில் வைத்துக்கொள்ளும் உரிமை எதுவும் இந்தச் சட்டத்தில் இல்லை. அங்கே இருந்த சொல் வேறு. லே லோயின் மதியூகியாகவும் கவிஞராகவும் இருந்த நுயென் திராய், 1428-இல் வெற்றிப் பிரகடனத்தை எழுதியபோது, அருளும் அறமும் என்பவற்றின் வேர் மக்களை அமைதியாக வாழவைப்பதில் இருக்கிறது என்ற கருத்தோடுதான் தொடங்கினார். கன்பூசிய நூல்களில் ஆள்பவரின் குணமாகப் பேசப்பட்ட அருள், இங்கே மக்களின் வாழ்நிலையைக் கொண்டு அளக்கப்படும் ஒன்றாக மாறுகிறது.

லே தான் தோங்கும் தீவிரக் கன்பூசியர். மேலிருப்பவர் கீழிருப்பவரைக் காக்கக் கடமைப்பட்டவர் என்பதே அவருடைய அடிப்படை. ஆகவே இந்தச் சட்டத்தில் மனிதநேயத்தைத் தேடுபவர்கள், மக்களுக்கு என்ன வழங்கப்பட்டது என்று பார்ப்பதோடு நிற்காமல், அது கிடைக்காதபோது அடி யார் முதுகில் விழுந்தது என்று பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. அடுத்த பதில் அதைத்தான் காட்டுகிறது.

சரி, ஏழைகளுக்கு நடைமுறையில் என்ன செய்யச் சொன்னது?

294-ஆம் பிரிவைப் படித்துப் பார்க்க வேண்டும். ஊருக்குள்ளோ தெருவிலோ நோயுற்ற ஒருவர், பார்த்துக்கொள்ள ஆளின்றி வழியோரத்திலோ சத்திரத்திலோ கோயிலிலோ கிடந்தால், அந்த ஊர் அதிகாரி அவருக்குக் கொட்டகை போட்டுக்கொடுத்து, கஞ்சியும் மருந்தும் தந்து காப்பாற்ற வேண்டும். அவர் முனகிக்கொண்டு கிடப்பதைப் பார்த்தும் விட்டுவிடக் கூடாது. இறந்துபோனால் மேலே தெரிவித்து, வசதிக்கேற்ப அடக்கம் செய்ய வேண்டும். உடலை வெளியே கிடக்க விடக் கூடாது. இவற்றைச் செய்யத் தவறினால் அதிகாரிக்குப் பதவியிறக்கம் அல்லது பதவி நீக்கம். சட்ட வாசகத்துக்குள் ‘முனகல்’ என்ற சொல் வந்திருப்பதை நான் முதலில் படித்தபோது ஒரு கணம் நிறுத்தினேன். சட்டம் எழுதியவர் அந்தச் சத்தத்தை எங்கேனும் கேட்டிருக்க வேண்டும்.

295-ஆம் பிரிவு, மனைவியை இழந்தவர், கணவனை இழந்தவர், பெற்றோரற்ற குழந்தை, கடும் ஊனமுற்றவர் ஆகியோரில் உறவும் பிழைப்பும் அற்றவர்களைப் பற்றியது. இவர்களை ஏற்றுப் பராமரிக்காமல் கைவிடும் அதிகாரிக்கு 50 அடி, ஒரு படி பதவியிறக்கம். அவர்களுக்கென்று ஒதுக்கிய உணவையும் உடையையும் குறைத்துக் கொடுத்தால், காவலிலிருந்த பொருளைக் காவலனே திருடிய குற்றமாக அது கொள்ளப்படும். இரண்டாவது வாக்கியம் வெறும் நல்லெண்ணத்திலிருந்து வருவதில்லை. உதவிப்பொருள் நடுவழியில் எப்படிக் கரையும் என்பதை அறிந்த நிர்வாகியின் வாக்கியம் அது.

ஊர்ப் பொது நிலத்தை ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை பங்கிட்டுத் தரும் முறையும் இந்த ஆட்சியில் ஒழுங்குபடுத்தப்பட்டது. பங்கின் அளவு தகுதிநிலையைப் பொறுத்தது, எனவே அதில் சமத்துவம் இல்லை. ஆனால் பட்டியலின் அடியில் கைம்பெண்களுக்கும் அனாதைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் இடம் இருந்தது.

குழந்தைகளும் முதியவர்களும் குற்றம் செய்தால்?

70 வயதுக்கு மேற்பட்டவர்களும் 15 வயதுக்குட்பட்டவர்களும் ஊனமுற்றவர்களும், நாடுகடத்தல்வரையிலான குற்றங்களுக்குப் பணம் கட்டித் தண்டனையிலிருந்து மீளலாம். 80-க்கு மேலும் 10-க்குக் கீழும் உள்ளவர்கள் மரண தண்டனைக்குரிய குற்றம் செய்தால், வழக்கு முடிவுக்காக மன்னரிடம் போக வேண்டும். 90-க்கு மேலும் 7-க்குக் கீழும் என்றால் மரண தண்டனையே கிடையாது. இது 16-ஆம் பிரிவு. அடுத்த பிரிவு இன்னும் நுட்பமானது: இளமையில் செய்த குற்றம் வளர்ந்தபின் வெளிப்பட்டால் இளையவராகவே கருத வேண்டும், நடுவயதில் செய்தது முதுமையில் வெளிப்பட்டால் முதியவராகக் கருத வேண்டும். இரு பக்கமும் குற்றவாளிக்குச் சாதகமான வயதே எடுத்துக்கொள்ளப்படுகிறது. இவை தாங் சட்டத்திலிருந்து வந்தவை என்பதை மறைக்க வேண்டியதில்லை.

680-ஆம் பிரிவின்படி, மரண தண்டனை பெற்ற பெண் கருவுற்றிருந்தால், குழந்தை பிறந்து 100 நாள் கழியும்வரை தண்டனையை நிறைவேற்றக் கூடாது. அவசரப்பட்ட அதிகாரிக்கே தண்டனை உண்டு. அந்த நூறு நாள் தாய்க்குக் காட்டிய கருணையா, குழந்தையின் பாலுக்காகவா என்று கேட்டால், இரண்டாவதே என்று எனக்குத் தோன்றுகிறது.

பெண்களுக்குச் சம உரிமை கொடுத்த சட்டம் என்று ஹனோயில் வழிகாட்டி சொன்னார். உண்மையா?

சம உரிமை என்று சொல்வது மிகை. அதே காலத்துச் சீனச் சட்டத்தோடு ஒப்பிட்டால் பெண்ணுக்குக் கூடுதல் பிடிமானம் இருந்தது என்பது உண்மை. கணவன் ஐந்து மாதம் மனைவியிடம் வராமல் ஒதுக்கிவைத்தால், அவள் உள்ளூர் அதிகாரியிடம் தெரிவித்து, ஊர் அதிகாரியின் சாட்சியத்தோடு அவனை விட்டு விலகலாம். குழந்தை இருந்தால் கெடு ஓராண்டு. அரசுப் பணிக்காகத் தொலைவு சென்றவனுக்கு இது பொருந்தாது. பிரிந்தபின் அவள் மறுமணத்தைத் தடுக்கும் முன்னாள் கணவன் தண்டிக்கப்படுவான். இது 308-ஆம் பிரிவு. நிச்சயித்த மாப்பிள்ளை கொடிய நோய்க்கு ஆளானாலோ, குற்றம் புரிந்தாலோ, குடும்பச் சொத்தை அழித்தாலோ, பெண் முறையிட்டுச் சீர்ப்பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு விலகலாம் என்கிறது 322. மாமனார் மாமியாரை மருமகன் அநியாயமாகத் திட்டினால் மனைவி வழக்குப் போட்டு மணவிலக்குப் பெறலாம் என்கிறது 333. திட்டு வாங்குபவர்கள் பெண்ணைப் பெற்றவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

சொத்து விஷயத்தில், முன்னோர் வழிபாட்டுக்கென இருபதில் ஒரு பங்கு நிலத்தை ஒதுக்கிவைப்பார்கள். அதற்கு வியட்நாமியப் பெயரின் நேர்ப்பொருள் தூபமும் தீயும் என்பது. தூபதீபச் சொத்து என்று நாம் சொல்லலாம். மகன் இல்லாத வீட்டில் அந்தச் சொத்து மூத்த மகளுக்குப் போகும் என்று 391 தெளிவாகவே கூறுகிறது. மற்றச் சொத்தில் மகள்களுக்கும் மகன்களுக்கும் சம பங்கு என்று பலர் எழுதுகிறார்கள். ஆனால் வாசகம் அவ்வளவு வெளிப்படையாக இல்லை, பிற்கால உயில்களைப் படித்த ஆய்வாளர்களிடையே இது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. மகள்களுக்கும் பங்கு உண்டு என்றவரை ஐயமில்லை.

இதே சட்டத்தின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். கணவன் மனைவியை அடித்துக் காயப்படுத்தினால், அயலாரைக் காயப்படுத்தியதைவிட மூன்று படி குறைந்த தண்டனை. மனைவி கணவனை அடித்தாலோ நாடுகடத்தல். இந்த இரு பிரிவுகளும் 481, 482 என்று அடுத்தடுத்தே நிற்கின்றன. பலதார மணமும், ஏழு காரணங்களுக்காக மனைவியைத் தள்ளிவைக்கும் கன்பூசிய மரபும் அப்படியே இருந்தன. வழிகாட்டி இவற்றையும் சொல்லியிருக்கலாம்.

அதிகாரிகளைக் கட்டுப்படுத்த அவர் செய்தது என்ன?

அவருடைய ஆட்சித்திறம் முழுவதையும் இந்தக் கேள்வியில் அடக்கிவிடலாம். லஞ்சத்துக்கு 138-ஆம் பிரிவில் அளவுகோல் இருக்கிறது. காசுகளைக் கயிற்றில் கோத்து எண்ணும் பண அலகு குவான். 1 முதல் 9 குவான்வரை வாங்கினால் பதவியிறக்கம் அல்லது நீக்கம். 10 முதல் 19 வரை கடுங்காவல் உழைப்பு அல்லது நாடுகடத்தல். 20-ஐ எட்டினால் தலை போகும். வெளியூர்ப் பதவியிலிருப்பவர் தம் ஆட்சிப் பகுதிப் பெண்ணை மணந்தால் 70 அடியும் பதவி நீக்கமும் என்பது 316. அதிகாரமுள்ள குடும்பங்கள் எளியவர் வீட்டுப் பெண்ணை மிரட்டி மணப்பதைத் தண்டிப்பது 338. மணப்பெண்ணின் தகப்பன் மறுக்க முடியாத சம்பந்தத்தைச் சட்டம் சம்பந்தமாகவே ஏற்கவில்லை.

1471-இல் நிர்வாகத்தை மாற்றியமைத்து வெளியிட்ட ஆணையில், பெரிய பதவியும் சிறிய பதவியும் ஒன்றையொன்று கட்டி நிற்க வேண்டும் என்ற கருத்து வெளிப்படையாகவே இருக்கிறது. இடைநிலையிலிருந்த பெரும்பதவிகள் நீக்கப்பட்டு ஆறு அமைச்சகங்கள் நேரே மன்னரின்கீழ் வந்தன. ஒவ்வொன்றையும் கண்காணிக்க எதிரே ஒரு சிறு அலுவலகம் நின்றது. கண்காணிப்பவரின் பதவி சிறியது, ஆனால் குறை சொல்லும் அதிகாரம் பெரியது. ஊர்த்தலைவர் பதவியிலும் நெருங்கிய உறவினர் இருவர் ஒரே ஊரில் இருக்கக் கூடாது என்றார்கள். இதனால் அதிகாரம் மன்னர் கையில் குவிந்தது என்ற குற்றச்சாட்டு சரியானதே. மக்களைக் காப்பதும் அமைச்சர்களின் கையைக் கட்டுவதும் அவருக்கு ஒரே வேலையாக இருந்தன.

தேர்வு எழுதி யாரும் அதிகாரி ஆகலாம் என்பது முற்போக்கு அல்லவா?

பெரிய அளவில் ஆம். மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று ஒழுங்குபடுத்தி, அவருடைய காலத்தில் 12 தலைநகரத் தேர்வுகள் நடந்து 501 பேர் தேறினார்கள். 1484-இல், 1442 முதல் தேறியவர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து ஹனோயின் இலக்கியக் கோயிலில் நிறுத்தும் வழக்கம் தொடங்கியது. கல் ஆமைகளின் முதுகில் நிற்கும் 82 கற்பலகைகள் இன்றும் அங்கே இருக்கின்றன. திறமும் பண்பும் உள்ளவர்களே நாட்டின் உயிர்மூச்சு என்று அரசவை அறிஞர் தான் ஞன் சுங் எழுதிய தொடர் முதற்பலகையில் உள்ளது.

ஆனால் ‘யாரும்’ என்பதில் பெண்கள் இல்லை. தேர்வுக்கு வருபவரின் நன்னடத்தைக்கு ஊரார் உறுதியளிக்க வேண்டும் என்ற விதி 1462-இல் வந்தபோது, கூத்துப்பாடகர்களின் வீட்டுப் பிள்ளைகளும் விலக்கப்பட்டார்கள். ஒரு நூற்றாண்டுக்குப் பின் பாடகர் வீட்டில் பிறந்த தாவ் ஸுய் து இந்தத் தடையால் வடக்கில் வழியின்றித் தெற்கே போய், அங்கே தனியாட்சி நடத்திய நுயென் பிரபுக்களின் தலைசிறந்த ஆலோசகரானார். வடக்கின் படைகள் தாண்ட முடியாமல் தவித்த அரண்களைக் கட்டுவித்தவர் அவர்தான்.

நுயென் திராய்க்கு நீதி வழங்கியது உண்மையான நீதியா, அரசியலா?

மேலே வெற்றிப் பிரகடனம் பற்றிய பதிலில் வந்தவர்தான். 1442-இல் மன்னர் லே தாய் தோங், அதாவது நம் மன்னரின் தந்தை, பயணத்தின்போது ஒரு லிச்சித் தோட்டத்தில் திடீரென இறந்தார். உடனிருந்தவர் நுயென் திராயின் துணைவி நுயென் தி லோ. அரசக்கொலைப் பழி விழுந்து, மூன்று தலைமுறை உறவினரோடு நுயென் திராய் கொல்லப்பட்டார். 1464-இல் லே தான் தோங் அந்தப் பழியைத் துடைத்து, தப்பிப் பிழைத்த மகன் நுயென் ஆன் வூவைத் தேடிப்பிடித்துப் பதவி கொடுத்தார். நுயென் திராயின் உள்ளம் விண்மீன்போல் ஒளிர்ந்தது என்ற பொருளில் கவிதையும் எழுதினார்.

மன்னர் கருவிலிருந்தபோது அவருடைய தாயைக் காப்பாற்றியவர்களே இந்தத் தம்பதியர் என்று மரபுக்கதை ஒன்று உண்டு. அதனால் இதை நன்றிக்கடன் என்பவர்களும் உண்டு. அரியணைக்கு வந்த நான்காம் ஆண்டில், பழைய சதிகாரர்களிடமிருந்து தம்மை விலக்கிக்காட்டும் தேவை அவருக்கு இருந்திருக்கும் என்பதையும் மறுக்க முடியாது. தந்தையைக் கொன்றவர் என்று அரசே தீர்ப்பளித்த ஒருவரை, அந்தத் தந்தையின் மகனே குற்றமற்றவர் என்று சொல்ல எந்தக் காரணமானாலும் துணிவு வேண்டும். 

இவ்வளவு மனிதநேயம் பேசும் சட்டத்தில் சித்திரவதைத் தண்டனைகள் எப்படி?

இருந்தன, மறுப்பதற்கில்லை. நாடுகடத்தப்படுபவரின் முகத்தில் பச்சை குத்தினார்கள். மரண தண்டனையின் உச்சம் உடலைச் சிறுகச் சிறுக அறுப்பது. அரச உறவினருக்கும் உயர்பதவியினருக்கும் தனிச்சலுகை தரும் எட்டு வகைப் பரிசீலனை மூன்றாம் பிரிவிலேயே வந்துவிடுகிறது. அடிமைகளும் இருந்தார்கள்.

மலைவாழ் மக்களுக்கும் இதே சட்டமா?

அவர்களுக்குள் நடக்கும் குற்றங்களை அவர்களுடைய வழக்கப்படியே தீர்க்க வேண்டும், சமவெளி மக்களோடு தகராறு என்றால் மட்டும் பொதுச் சட்டம் என்கிறது 40-ஆம் பிரிவு.

சம்பாவை அழித்தவரை மனிதநேயர் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

தமிழ் வாசகர்கள் இதைக் கேட்பது இயல்பு. டாய் வியட்டுக்குத் தெற்கே, சிவன் கோயில்களும் வடமொழிக் கல்வெட்டுகளும் கொண்டிருந்த சம்பா அரசின் பெயர் நமக்கு அறிமுகமானது. 1471-இல் லே தான் தோங் தாமே படைநடத்திச் சென்று, இன்றைய குய் ஞோன் நகருக்கு அருகிலிருந்த அதன் தலைநகர் விஜயாவைப் பிடித்தார். 30,000-க்கும் மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டதையும் 40,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதையும் வெட்கமின்றிப் பதிவுசெய்தது வியட்நாமிய அரசின் ஏடேதான். மன்னர் த்ரா தோவான் சிறைப்பட்டார். கைப்பற்றிய நிலம் குவாங் நாம் என்ற பெயரில் பதின்மூன்றாம் மாகாணமானது. அதிகாரிகளின் கையைக் கட்டிய நிர்வாக ஆணை என்று மேலே குறிப்பிட்டேனே, அது வெளிவந்ததும் இதே ஆண்டில்தான்.

இதற்கு நான் சமாதானம் சொல்லப்போவதில்லை. மேலிருப்பவர் தம்கீழ் இருப்பவரைக் காக்க வேண்டும் என்ற கோட்பாட்டுக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்களை அது காக்கவில்லை. விஜயாவில் விழுந்து கிடந்தவர்களுக்குக் கொட்டகை போட எந்த ஊர் அதிகாரிக்கும் ஆணை போகவில்லை.

இந்தச் சட்டம் எப்போது முடிவுக்கு வந்தது?

லே அரசமரபு பெயரளவிலாவது நீடித்த பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை, திருத்தங்களோடு இது வழக்கில் இருந்தது. பின்னர் வந்த நுயென் அரசமரபின் கியா லோங் மன்னர் 398 பிரிவுகள் கொண்ட புதிய சட்டத்தை 1815-இல் நடைமுறைப்படுத்தினார். அது சீனத்தின் சிங் சட்டத்தை மிக நெருக்கமாகப் பின்பற்றியது. மேலே பெண்கள் பற்றிய பதிலில் சொன்ன ஐந்து மாதக் கெடுவும் மூத்த மகளின் தூபதீபச் சொத்தும் அதில் இல்லை.